உமர்தம்பி

உமர்தம்பி (ஜூன் 15, 1953 – ஜூலை 12, 2006) தமிழ்க் கணிமை முன்னோடிகளுள் ஒருவர். தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவர். இவர் உருவாக்கிய தேனீ எழுத்துருவின் பெயரால் தேனீ உமர் என்றும் அறியப்பட்டார். இணையத்தில் ஒருங்குறித் தமிழ் வேரூன்றத் தொடங்கிய 2000களின் முற்பகுதியில், தமிழில் எழுதவும் படிக்கவும் அன்றாடம் தேவைப்பட்ட சிறு நிரல்களையும் எழுத்துருக்களையும் உருவாக்கி இலவசமாக வழங்கினார்.

இவருடைய ஆக்கங்களுட் பல அளவிற் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடரைத் தீர்ப்பதற்கென எழுதப்பட்டவை. நிரலாக்கம் அறியாத ஒருவரும் அவற்றைப் பயன்படுத்த முடிந்தது. தமிழ் வலைப்பதிவுகள் பரவிய தொடக்க ஆண்டுகளில் இக்கருவிகள் பெரிதும் உதவின.

வாழ்க்கைக் குறிப்பு

உமர்தம்பி அதிராம்பட்டினத்தில் பிறந்தார். அவ்வூரிலுள்ள காதிர் மொகிதீன் கல்லூரியில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றார். கணினியியலை முறையாகக் கல்லூரியிற் கற்றவர் அல்லர். இளமையிலிருந்தே மின்னணுவியலில் ஆர்வம் கொண்டிருந்தார். வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழிலையும் ஊரில் சிறிது காலம் மேற்கொண்டார்.

1980களில் வேலை வாய்ப்புக்காகத் துபாய் சென்றார். அங்கு மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணியில் தொடங்கி, பின்னர் கணினித் துறைக்கு மாறினார். நிரலாக்கத்தைத் தம் முயற்சியாலேயே கற்றுக்கொண்டார். 2001இல் விருப்ப ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின், தமிழ்க் கணிமைப் பணிகளில் முனைப்புடன் ஈடுபட்டார். மடற்குழுக்களில் எழுந்த ஐயங்களுக்கு விடையளிப்பதையும், அவ்வையங்களைத் தீர்க்கும் நிரல்களை எழுதித் தருவதையும் தொடர்ந்து செய்துவந்தார். ஒருங்குறி பற்றிய விளக்கக் கட்டுரைகளையும் எளிய தமிழில் எழுதினார்.

காலப் பின்னணி

உமர்தம்பியின் பணியை விளங்கிக்கொள்ள, அக்காலத் தமிழ் இணையத்தின் நிலையை அறிதல் வேண்டும். 1990களில் தமிழுக்கெனப் பொதுவான எழுத்துக் குறிமுறை நடைமுறையில் இல்லை. ஒவ்வொரு செய்தித்தாளும் இதழும் தத்தமக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அந்தந்த எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவாத கணினியில், தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றியது. ஒரு தளத்திலுள்ள உரையை வேறொரு தளத்தில் ஒட்டினால் அது படிக்க இயலாததாயிற்று. தேடுபொறிகளாலும் அவ்வுரையைத் தமிழென அறிய இயலவில்லை.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. உலகத் தமிழர் பலர் இணையவழிக் கலந்துரையாடி தகுதரம் என்னும் திஸ்கி குறிமுறையை வகுத்தனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாப், டாம் ஆகிய குறிமுறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவற்றுக்கு முன்பே, 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயினும் பெரும்பாலான கணினிகளில் அதற்கான வசதி இருக்கவில்லை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 இயங்குதளத்தில்தான் ஒருங்குறித் தமிழுக்கு ஆதரவளித்து லதா எழுத்துருவையும் சேர்த்தது. அதன் பிறகும் வீடுகளிலும் இணைய மையங்களிலும் விண்டோஸ் 98 பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அக்கணினிகளில் ஒருங்குறித் தமிழ் வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தது. தரம் வகுக்கப்பட்டுவிட்டது, ஆனால் அது வாசகரின் திரையை எட்டவில்லை. இந்த இடைவெளியிலேயே உமர்தம்பியின் நிரல்கள் பயன்பட்டன.

தேனீ இயங்கு எழுத்துரு

உமர்தம்பியின் ஆக்கங்களுள் பரவலாக அறியப்பட்டது தேனீ ஒருங்குறி எழுத்துருவாகும். இது இயங்கு எழுத்துருவாகவும் வழங்கப்பட்டது. இயங்கு எழுத்துரு என்பது வாசகர் எதையும் நிறுவ வேண்டிய தேவையின்றி, வலைப்பக்கத்துடன் சேர்ந்தே கணினிக்கு வந்துசேரும் எழுத்துருவாகும். அக்கால இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் இவ்வசதி இருந்தது.

இது செயற்படும் முறை எளிமையானது. எழுத்துரு முதலில் சுருக்கப்பட்ட ஒரு கோப்பாக மாற்றப்பட்டு வழங்கியில் ஏற்றப்படும். பின்னர் வலைப்பக்கத்தின் பாணிப் பகுதியில் சில வரிகள் சேர்க்கப்படும். எழுத்துருவின் பெயரையும் கோப்பு இருக்கும் முகவரியையும் முதற்கூறு தெரிவிக்கும்; பக்கத்தின் உரை முழுவதும் அவ்வெழுத்துருவிலேயே காட்டப்பட வேண்டும் என்று இரண்டாம் கூறு ஆணையிடும். உலாவி பக்கத்தைத் திறக்கும்போதே கோப்பைப் பெற்றுத் தற்காலிகமாகப் பயன்படுத்தும். உரிய உலாவிப் பதிப்பு இருந்தால், தமிழ் எழுத்துரு இல்லாத விண்டோஸ் 98 கணினியிலும் தமிழைப் படிக்க முடிந்தது.

வலைப்பதிவர்கள் இவ்வரிகளைப் படியெடுத்துத் தத்தம் வார்ப்புருவில் ஒட்டிக்கொண்டனர். பலருக்கு அவ்வரிகளின் பொருள் தெரிந்திருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. இவ்வாறு தேனீ பல தமிழ் வலைப்பதிவுகளில் இடம்பெற்றது.

இம்முறைக்கு வரம்புகளும் இருந்தன. இது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே செயற்பட்டது. 2004இல் வெளியான ஃபயர்பாக்ஸ் 1.0 போன்ற உலாவிகளில் பயன்படவில்லை. எழுத்துருக் கோப்பைக் குறிப்பிட்ட தள முகவரிகளுக்கு மட்டும் உரியதாகப் பிணைக்கும் ஏற்பாடும் இருந்தது. அவ்வாறு பிணைக்கப்பட்ட கோப்பை வேறு தளத்தினர் பயன்படுத்த வேண்டுமாயின், அத்தளத்தின் முகவரியையும் சேர்த்துக் கோப்பைப் புதிதாக உருவாக்க வேண்டும்.

ஒலியியல் முறைத் தட்டெழுதி

படிப்பதற்கு அடுத்த தேவை எழுதுதல். உமர்தம்பி ஏ.டபிள்யூ.சி. ஒலியியல் ஒருங்குறி எழுதியை உருவாக்கினார். ஆங்கில விசைப்பலகையில் தமிழ்ச் சொல்லை ஒலிப்பின்படி தட்டினால் அது ஒருங்குறித் தமிழாக மாறும். தமிழ்த் தட்டச்சுப் பயிலாத, ஆனால் மின்னஞ்சல்களில் தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதிப் பழகிய பலருக்கு இது ஏற்றதாயிருந்தது.

இத்தகைய நிரலின் மையத்தில் அமைந்திருப்பது ஒரு சிறு விதியே. ஒருங்குறியில் ககரத்தின் எண் 2965, புள்ளியின் எண் 3021. மெய்யெழுத்துக்குரிய விசையை அழுத்தியதும் நிரல் இவ்விரண்டையும் அடுத்தடுத்து இட்டு, க் என்று காட்டும். அடுத்து அகர விசை வந்தால் புள்ளியை நீக்கும். க் என்பது க ஆகும். இகர விசை வந்தால் புள்ளியை நீக்கி அவ்விடத்தில் 3007 என்னும் எண்ணுடைய குறியை இடும்; க் என்பது கி ஆகும். மெய்யுடன் உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்னும் தமிழ் இலக்கண விதியே இங்கு நிரலாகிறது. பதினெட்டு மெய்களுக்கும் பன்னிரண்டு உயிர்களுக்கும் உரிய அட்டவணையும் இந்த ஒரு விதியும் இருந்தால், 216 உயிர்மெய்களையும் தனித்தனியே எழுதிவைக்க வேண்டியதில்லை.

இக்காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், தன்னார்வலர்கள் வெளியிட்ட எ-கலப்பை ஆகியனவும் பயன்பாட்டில் இருந்தன.

எண்களை எழுத்தாக்கும் நிரல்

ஒருங்குறியின் தொடக்க காலத்தில் தமிழ் மடல்கள் சில வேளைகளில் எண்களாக வந்துசேர்ந்தன. தமிழ் என்னும் சொல் வாசகரின் திரையில் பின்வருமாறு தோன்றும்:

&#2980;&#2990;&#3007;&#2996;&#3021;

இது பழுதடைந்த உரை அன்று. ஒவ்வோர் எண்ணும் ஒருங்குறியில் ஓர் எழுத்தின் அல்லது குறியின் இடத்தைச் சுட்டுகிறது: 2980 தகரம், 2990 மகரம், 3007 இகரக் குறி, 2996 ழகரம், 3021 புள்ளி. உலாவி இவற்றை நேரடியாகப் பெற்றால் எழுத்தாகக் காட்டிவிடும். இடைப்பட்ட மென்பொருள் ஏதேனும் இவற்றை வெறும் உரையாகக் கருதி அனுப்பிவிட்டால், வாசகருக்கு எண்களே எஞ்சும்.

இவ்வாறு எண்களாகத் தெரியும் உரையைத் தமிழாக்குவதற்கும் உமர்தம்பி ஒரு நிரலை வழங்கினார். முன்னும் பின்னுமுள்ள குறியீடுகளுக்கு இடையே அமைந்த எண்ணைப் பிரித்தெடுத்து, அதற்குரிய எழுத்தை அவ்விடத்தில் வைப்பதே இத்தகைய நிரலின் வேலை. ஒரு சில வரிகளில் எழுதக்கூடிய இந்நிரலைக் கொண்டு, கிடைத்த மடலைப் படிக்க இயலாமல் கைவிடும் நிலையைத் தவிர்க்க முடிந்தது.

குறிமுறை மாற்றி

ஒருங்குறிக்கு முன் எழுதப்பட்ட உரைகளைப் புதிய குறிமுறைக்குக் கொண்டுவருதல் மற்றொரு பெரும் தேவையாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் தட்டெழுதிச் சேர்த்த கதைகளும் கட்டுரைகளும் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டால், அவை மெல்ல மெல்லப் படிக்க இயலாதவையாகிவிடும். உமர்தம்பி பல்வேறு எழுத்துருக்களில் அமைந்த உரையை ஒருங்குறிக்கு மாற்றும் செயலியையும் உருவாக்கினார்.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று தோன்றினும், இப்பணி அத்துணை எளிதன்று. பழைய எழுத்துருக்கள் தமிழைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தன. கெ என்னும் எழுத்தில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். ஒருங்குறியிலோ ஒலிப்பு வரிசைப்படி ககரம் முதலில் வரும். கொம்பு அதனைத் தொடரும். கொ என்பது பழைய முறையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாக இருக்கும். ஆகவே மாற்றி நிரல் மூன்று துண்டுகள் கொண்ட எழுத்துகளை முதலிலும், இரண்டு துண்டுகள் கொண்டவற்றை அடுத்தும், தனி எழுத்துகளை இறுதியிலும் மாற்ற வேண்டும். இவ்வரிசை பிறழ்ந்தால் கொ என்பது கெ, கால் எனச் சிதைந்துவிடும்.

ஔகாரக் குறியால் மற்றொரு சிக்கல் எழுகிறது. சில பழைய எழுத்துருக்களில் கௌ என்பதன் இறுதிக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே இடம் அளிக்கப்பட்டிருந்தது. அத்தகைய உரையில் கௌரி என்னும் பெயரும், கெ, ள, ரி என்னும் மூன்றெழுத்துத் தொடரும் வேறுபாடின்றிச் சேமிக்கப்பட்டன. நிரலால் இவ்விரண்டையும் தானாகப் பிரித்தறிய இயலாது. இணையத்தில் கௌரி, மௌனம் முதலிய சொற்கள் ளகரம் இட்டு எழுதப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

செய்தியோடை உருவாக்கியும் அகராதியும்

வலைப்பதிவுகள் பெருகியபோது, புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டும் தளங்கள் தோன்றின. அவற்றுள் ஒன்றான தமிழ்மணம் 2004இல் தொடங்கப்பட்டது. இத்தகைய திரட்டிகள், தளங்கள் வெளியிடும் செய்தியோடையைப் படித்தே புதிய இடுகைகளை அறிந்தன. வலைப்பதிவுச் சேவைகள் செய்தியோடையைத் தாமே உருவாக்கின. கையால் எழுதப்பட்ட தனித் தளங்களுக்கு அவ்வசதி இல்லை.

இத்தேவைக்காக உமர்தம்பி ஒரு செய்தியோடை உருவாக்கியை எழுதினார். இணைப்பில்லாத வேளையிலும் அது பயன்படக்கூடியதாக இருந்தது. இணைய மையத்தில் மணிக்கணக்கிற் பணம் செலுத்திப் பயன்படுத்திய காலத்தில் இது குறிப்பிடத்தக்க வசதியாகும். இவற்றுடன் ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலியையும் இவர் உருவாக்கினார்.

நிரல்துண்டுகளின் பயனும் நிலையாமையும்

பெரிய மென்பொருளை உருவாக்கப் பணமும் குழுவும் காலமும் வேண்டும். சிறு நிரல்துண்டு ஒரு தனி மனிதரால் எழுதப்படக்கூடியது. ஒருவருக்கு ஏற்பட்ட இடரைத் தீர்க்க எழுதிய வரிகள், அதே இடரைச் சந்திக்கும் ஆயிரம் பேருக்கும் பயன்படும். படியெடுப்பதற்குச் செலவில்லை, பயன்படுத்துவோர் அதன் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டியதுமில்லை. நிரலாளர் அல்லாத ஆசிரியர்களும் மாணவர்களும் வளைகுடா நாடுகளில் பணிபுரிந்த தமிழர்களும் தமிழில் எழுதத் தொடங்கியதில் இத்தகைய ஆக்கங்களுக்குப் பங்குண்டு.

இம்முறையின் வலுவின்மையும் கருதத்தக்கது. ஒட்டிய வரிகள் சுட்டும் எழுத்துருக் கோப்பு வேறொருவரின் வழங்கியில் இருந்தால், அவ்வழங்கி மூடப்படும் நாளில் அவ்வரிகள் பயனற்றுப் போகும். உலாவி மாறினாலும் அவ்வாறே. நிரலை எழுதியவர் மறைந்த பின் அதனைத் திருத்துவோர் இல்லாது போகலாம். தனியார் முயற்சியால் வளர்ந்த தமிழ்க் கணிமையின் தொடக்க கால ஆக்கங்கள் பல இவ்வாறே வழக்கொழிந்தன. தன்னார்வலர் ஒருவரின் உழைப்பு நிலைபெற, நிரலின் மூலத்தைப் பலர் படியெடுத்துப் பாதுகாப்பதும், அதனைப் பொதுத் தரத்துடன் இணைப்பதும் தேவை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

அரசுத் தரமும் கோட்டூர்புரமும்

தன்னார்வலர்களின் முயற்சிகளுக்கு இணையாக அரசு நிறுவனங்களும் இயங்கின. 2001 பெப்ரவரியில் தமிழ்நாடு அரசு தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இணையவழித் தமிழ்க் கல்வியும் மின்னூலகமும் இதன் முதன்மைப் பணிகளாகும். தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பின்னர் பெயர் மாற்றப்பட்ட இந்நிறுவனம், சென்னை கோட்டூர்புரத்தில் காந்தி மண்டபம் சாலையில் அமைந்துள்ளது.

2010 ஜூனில் தமிழ்நாடு அரசு, டாப், டாம் குறிமுறைகளுக்கு மாற்றாக ஒருங்குறியையும், சில அச்சுப் பணிகளுக்கு டேஸ்16 குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. இதற்கான எழுத்துருக்களையும் விசைப்பலகை இயக்கிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாக வழங்கியது. ஒருங்குறியே தமிழின் பொதுக் குறிமுறை என்பது அரசளவில் உறுதியானபோது, உமர்தம்பி மறைந்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாணைக்கு முன்பே வலைப்பதிவர்களும் விக்கிப்பீடியர்களும் ஒருங்குறியில் எழுதிக் குவித்திருந்தனர். அதற்கு வழிவகுத்தவர்களுள் இவரும் ஒருவர்.

மறைவும் நினைவும்

உமர்தம்பி 2006 ஜூலை 12 அன்று தமது 53ஆம் அகவையில் காலமானார். தமிழ் மடற்குழுக்களிலும் வலைப்பதிவுகளிலும் பலர் இவருக்கு அஞ்சலி செலுத்தினர். நேரில் கண்டிராத போதிலும் இவருடைய எழுத்துருவாலும் நிரல்களாலும் இவரை அறிந்திருந்தோர் அவர்களுட் பலர்.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. அதனுடன் தமிழ் இணைய மாநாடும் கூட்டப்பட்டது. இணையத் தமிழுக்கு உமர்தம்பி ஆற்றிய பணி மாநாட்டில் நினைவுகூரப்பட வேண்டும் என்று தமிழ் வலைப்பதிவர்கள் முன்னரே கோரிவந்தனர். இணைய மாநாட்டின் அரங்கொன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.

மதிப்பீடு

உமர்தம்பி எழுதிய கருவிகளுட் பல பின்னாளில் தேவையற்றவையாயின. இயங்குதளங்கள் அனைத்தும் ஒருங்குறித் தமிழை ஏற்றன. கைப்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகைகள் வந்தன. தேனீ சார்ந்திருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் கடைசிப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் 2022 ஜூனில் நிறுத்தியது. ஆயினும் பக்கத்துடன் எழுத்துருவையும் அனுப்பும் கருத்து மறையவில்லை. 2012இல் அதற்கான பொது வடிவம் வைய விரிவு வலைச் சேர்த்தியத்தால் பரிந்துரைக்கப்பட்டது. இணையத்தளங்கள் தாம் விரும்பும் எழுத்துருவில் தோன்றுவது இன்று இயல்பான நடைமுறையாகிவிட்டது.

ஓர் இடர் தீர்ந்தவுடன் அதைத் தீர்த்த கருவி மறக்கப்படுவது இயற்கை. ஆனால் அவ்விடர் நிலவிய ஆண்டுகளில் தமிழைப் படிக்கவும் எழுதவும் உதவிய வரிகள் யாரால் எழுதப்பட்டன என்பது தமிழ் இணைய வரலாற்றின் ஒரு பகுதியாகும். விலங்கியல் பயின்று, கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்து, நிரலாக்கத்தைத் தாமே கற்ற ஒருவர், ஊதியம் கருதாது அப்பணியைச் செய்தார் என்பதே உமர்தம்பியின் வாழ்க்கையில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது.